தண்ணீர் செய்த வேலை

எண்ணிக்கை பதினேழு என்றுதான் என் நினைவு. பத்தொன்பது என்று அவளே ஒருமுறை சொன்னதாகவும் மங்கலாகத் தோன்றுகிறது. மற்றதையெல்லாம் சரியாகச் சொல்கிறேனா என்றால் அதற்கும் சத்தியம் செய்ய மாட்டேன். லிஃப்ட் விஷயம் மட்டும் நிச்சயம். அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

பிற்பகல் இரண்டு மணி. நான்காம் மாடி ஆய்வுக்கூடத்தில் அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு, வெளியிலிருந்து வரும் நிபுணரிடம் தன் ஆய்வு முடிவை விளக்க வேண்டும். அவர் தலையசைத்தால் இன்னும் மூன்று வருடம் வேலை. இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி.

முடிவு லேசுப்பட்டதல்ல. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கே இருக்கும் கண்ணாடி மணியை லேசர் ஒளியால் பிடித்து, பசை கலந்த தண்ணீருக்குள் இழுப்பார்கள். ஒருமுறை இழுத்தால் அது ஒரு ஓட்டம். மணி முரண்டு பிடிக்கும். இழுக்கச் செலவாகும் ஆற்றலுக்கு அவர்கள் பாஷையில் 'வேலை' என்று பெயர். எப்போதாவது மூலக்கூறுகளெல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே பக்கமாக இடித்து, மணியை ஒளிக்கு முன்னால் தள்ளிவிடும். அந்த ஓட்டத்தில் வேலை செய்வது நாமல்ல, தண்ணீர். அபூர்வம்தான். ஆனால் இந்தக் கணக்கின் முறையில் அப்படிப்பட்ட ஓட்டம் ஒன்று, சாதாரண ஓட்டம் ஐம்பது அறுபதுக்குச் சமம். அப்படிச் சேர்த்துச் சராசரி பார்த்தால் வெப்பவியல் விதிப்படி ஒன்று வரவேண்டும். அவளுடைய நாலாயிரம் ஓட்டங்களுக்கு வந்தது பூஜ்யம் புள்ளி எட்டு. பசைத் தண்ணீரில் விதி உடைகிறது! ஆய்வுக்கூடத் தலைவருக்கு ஒரு மாதமாகக் கால் தரையில் பாவவில்லை.

எதற்கும் கடைசியாக ஒருமுறை பார்ப்போமே என்று மூலக்கோப்பைத் திறந்தாள். அதில் நாலாயிரத்துப் பதினேழு ஓட்டங்கள் இருந்தன.

பதிவுகளைச் சுத்தம் செய்து தருவது அவளுடைய கொழுந்தன். அவளே சிபாரிசு செய்து சேர்த்தவன். வரைபடத்தில் ஒரு புள்ளி தள்ளி நின்றாலும் அவனுக்குச் சோறு இறங்காது. எல்லோருக்கும் அவன் 'சல்லடை'. ஆய்வுக்கூடத்துக்குள் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பதினேழு ஓட்டம் எங்க போச்சு?"

"அதுவா மேடம், தூக்கிட்டேன். லிஃப்ட் வந்து நின்னா மேஜை குலுங்கும், மணி முன்னால குதிக்கும். ஊருக்கே தெரிஞ்ச கதைதானே?"

"பதினேழுமா முன்னால குதிச்சுது?"

"ஆமா. ஒவ்வொண்ணுலயும் வேலை நெகட்டிவ், அதுவும் இவ்வளவு பெருசா. தண்ணி வந்து நமக்கு வேலை பார்க்கும்னா அப்புறம் எனக்கு எதுக்குச் சம்பளம்?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அவள் தேதிகளைப் பார்த்தாள். எல்லா ஓட்டங்களும் இரண்டே வாரத்தில் எடுத்தவை. அந்த இரண்டு வாரத்தை அவளைவிட அவள் முழங்கால் நன்றாக ஞாபகம் வைத்திருந்தது.

"அப்போ லிஃப்ட் ரிப்பேர். தினம் நாலு மாடி ஏறினோம்."

அவனும் குனிந்து தேதிகளைப் பார்த்தான்.

"இல்ல அண்ணி..." என்றான். மேடம் போய்விட்டிருந்தது.

பதினேழையும் திரும்பச் சேர்த்தாள். பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்பது. விதி உடையவில்லை. அரிசியைக் கல்லென்று பொறுக்கி எறிந்திருக்கிறார்கள்.

"இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் அண்ணி. சொன்னா வேலை போயிடும்."

"எந்த வேலை?"

அவனுக்குப் புரியவில்லை.

"ஒரு பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதே கஷ்டம் தம்பி. இங்க பதினேழு இருக்கு."

கடிகாரத்தில் இருபது நிமிடம் கரைந்தது. அவனை மட்டும் குற்றம் சொல்ல அவளால் முடியவில்லை. பிடிக்காத எண் வந்திருந்தால் முதல் நாளே மூலக்கோப்பைத் திறந்து குடைந்திருப்பாள். பிடித்த எண் வந்தது, திறக்கவில்லை. அவ்வளவுதான். மறைத்துவிடலாமா என்று அவளும் நினைத்தாள். இரண்டு முறை. இரண்டாவது முறை கொஞ்சம் நீளமாகவே.

லிஃப்ட் வந்து நின்றது. மேஜை மெல்ல அதிர்ந்தது. தலைவரும் நிபுணரும் உள்ளே வந்தார்கள்.

அவள் பழைய வரைபடத்தைக் காட்டினாள். பிறகு புதியதைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள்.

"மூணு மணிக்கா இதைச் சொல்ற?" என்றார் தலைவர்.

"ரெண்டு மணிக்குத்தான் சார் தெரிஞ்சுது."

அவர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "உன்னைச் சல்லடைன்னு நெனச்சேன். பன்னாடையாப்பா நீ? கசடைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு நல்லதைக் கீழ விட்டிருக்கியே!"

"சலிச்சதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது நான்தான் சார்" என்றாள் அவள்.

நிபுணர் புதிய வரைபடத்தின் இடது ஓரத்தில், தனியாக நின்ற பதினேழு புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு வாரம் லிஃப்ட் ஓடலைன்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"பராமரிப்புப் பதிவேட்டுல இருக்கும் சார். இல்லைன்னா என் முழங்காலைக் கேளுங்க."

அவர் சிரித்தார். ஆனால் தலையசைக்கவில்லை.

மாதக் கடைசியோடு அவள் வேலை முடிந்தது. இப்போது ஒரு கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வெப்பவியல் நடத்துகிறாள். தலைவர் பசைத் தண்ணீரை விட்டுவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். விதி உடையவில்லை என்று நாலு பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதில் அவள் பெயரும் கொழுந்தன் பெயரும் இருக்கின்றன. அதிகம் பேர் படிக்கவில்லை. கொழுந்தன் அங்கேயே இருக்கிறான். எதை நீக்கினாலும் தேதி போட்டு, காரணம் எழுதி, கையெழுத்து வைக்கிறான். நிபுணர் ஓய்வு பெற்றுவிட்டார். லிஃப்ட் மறுபடியும் ரிப்பேர்.