செப்டம்பர் ஒன்பதின் சிறப்பு

செப்டம்பர் ஒன்பதாம் தேதியை ஆண்டிலிருந்து எடுத்துவிடப்போவதாக எங்கள் ஊருக்கு அறிவிப்பு வந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்தத் தேதியில் எங்கள் ஊரில் எதுவும் நடந்ததில்லை. இனி எட்டாம் தேதிக்கு மறுநாள் பத்தாம் தேதி வரும் என்றும், பால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கும்படியும் அறிவிப்பில் கண்டிருந்தது.

கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அன்று பிறந்தவர்கள் நாளோடு சேர்ந்து காலி செய்ய வேண்டும்.

என் மனைவி தெய்வானை செப்டம்பர் ஒன்பதில் பிறந்தவள். எங்கள் தெருவில் உண்மையான பிறந்த தேதி உடையவள் அவள் ஒருத்திதான். மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்ததால் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மற்ற அனைவரும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அவர்களை ஜூன் ஒன்றில் பிறக்கச் செய்தவன் நான்.

முப்பத்தாறு ஆண்டுகள் இவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்மார்களிடம் பிறந்த தேதி கேட்பேன். அவர்களுக்குத் தேதி தெரியாது. “புயல் அடிச்ச மறுநாளுங்கய்யா” என்பார் ஒருவர். “மந்திரி வந்தப்ப மேடை சரிஞ்சுச்சே, அன்னைக்கு” என்பார் இன்னொருவர். பதிவேட்டில் அவற்றுக்கு இடமில்லை. ஜூன் ஒன்று என்று எழுதினால் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது சரியாக நிறைந்திருக்கும். எழுதினேன். எனக்கும் என் ஆசிரியர் அப்படித்தான் எழுதியிருந்தார். எங்கள் ஊரில் அரசுப் பணியில் இருப்பவர்கள் மே முப்பத்தொன்றில் ஓய்வு பெற்று, ஒரே வேனில் மாலையோடு வந்து இறங்குவார்கள்.

ஒன்பதாம் தேதி காலையில் தெய்வானை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, ஸ்வெட்டர் எடுத்துக்கவா?”

“அங்க குளிருமான்னு நோட்டீஸ்ல போடலையே.”

“அப்ப எடுத்துக்கிறேன். உங்க மாத்திரைய மூணு டப்பால பிரிச்சு வச்சிருக்கேன். ராத்திரி மாத்திரையக் காலைல முழுங்கிட்டு உக்காந்திருக்காதீங்க.”

“நான் போய்ப் பேசிட்டு வர்றேன்.”

“நீங்க பேசி எது நடந்திருக்கு” என்றாள். ஆனால் பெட்டியை மூடவில்லை.

நாள் அலுவலகம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதில் ஒரே ஒரு நடைவழி. இருபுறமும் சேர்த்து முந்நூற்று அறுபத்தாறு கதவுகள். எந்த நாளுக்குப் போக வேண்டியவரும் ஜனவரி ஒன்றில்தான் நுழைய வேண்டும். ஒவ்வொரு கதவிலும் அந்நாளின் சிறப்பு எழுதிய பலகை தொங்கியது. ஜனவரி இருபத்திரண்டில் ‘ஊருக்கு மின்சாரம் வந்த நாள்’ என்றிருந்தது. கதவுக்கு மேல் ஒரு பல்பு எரிந்தது. பிப்ரவரியின் கடைசிக் கதவு பூட்டியிருந்தது. அதை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருக்குவார்களாம்.

ஜூன் ஒன்றில் தரை இரண்டடி கீழிறங்கியிருந்தது. பாரம் தாங்கவில்லை என்றார்கள். உள்ளே என் மாணவர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

“வணக்கம் சார்” என்றார்கள் ஒரே குரலில்.

“எப்ப சார் எங்களப் பிரிச்சு விடுவீங்க?” என்று ஒருவன் கேட்டான்.

“பாக்குறேம்ப்பா” என்றேன்.

ஜூலை நடக்க நடக்க நீண்டது. முப்பத்தொரு கதவுகளை எண்ணி முடித்த பிறகும் பன்னிரண்டு மீதி இருந்தன. ஆகஸ்டு பதினைந்தில் எல்லாரும் கொடிக்குக் கீழே விறைப்பாக நின்றார்கள். எனக்கு ஓர் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். அதைத் தெய்வானைக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் ஒன்பதின் பலகை வெறுமையாக இருந்தது. உள்ளே இரண்டு வேலையாட்கள் அந்நாளின் பிற்பகலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். முற்பகல் மட்டும் மாட்டியபடி இருந்தது. மணி பதினொன்று நாற்பது.

அதிகாரி உடையப்பன் என் பழைய மாணவன். என்னைக் கண்டதும் எழுந்தான். நான் சொல்லும்வரை உட்காரவில்லை.

“என் சம்சாரம் இன்னைக்குப் பொறந்தவப்பா. அதைச் சிறப்புன்னு எழுதக் கூடாதா?”

“பொறப்பு தினமும் நடக்குது சார். சேராது. ஊரே பேசுற மாதிரி ஒண்ணு நடந்திருக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “நானும் ஜூன் ஒண்ணு சார். உங்க கையெழுத்து.”

“தெரியும்.”

“எங்கம்மா தேதி சொல்லியிருக்காது. இன்னது நடந்த அன்னைக்குப் பொறந்தான்னுதான் சொல்லியிருக்கும். எங்கிட்டச் சொல்லாமலே போய்ச் சேந்துருச்சு. கேட்ட ஆளு உலகத்துல நீங்க ஒருத்தர்தான். அது நடந்தது செப்டம்பர் ஒன்பதா இருந்தா அதையே எழுதி நாளை நிறுத்திப்புடலாம். எங்கம்மா என்ன சொன்னுச்சு சார்?”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டான்.

எனக்கு வழி தெளிவாகத் தெரிந்தது. தேர் அச்சு முறிந்த அன்று என்றால் போதும். பொய் சொல்லலாகாது என்று நரியையும் ஆமையையும் கொண்டு முப்பத்தாறு வகுப்புகளுக்கு விளக்கியவன் நான். அவ்வேளையில் அந்தப் பிராணிகளில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. உடையப்பனின் முகம் மட்டும் எதிரே இருந்தது. அந்த முகத்துக்கு ஏற்கெனவே ஒரு பொய் நாளைக் கொடுத்திருக்கிறேன்.

“ஞாபகம் இல்லப்பா” என்றேன்.

பேனா நின்றது. வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ‘வாத்தியாருக்கு ஞாபகம் இல்லையாம்’ என்ற செய்தி நடைவழியில் புறப்பட்டது. ஆகஸ்டில் கேட்டது. ஜூலையில் கேட்டது. ஜூன் ஒன்றில் பெரும் இரைச்சல் எழுந்து அடங்கியது.

“சார், இதுக்கு முன்ன எப்பவாச்சும் ஞாபகம் இல்லைன்னு சொல்லியிருக்கீங்களா?”

“இல்ல.”

“பானிப்பட்டுப் போர் மூணுக்கும் தூக்கத்துல கேட்டாலும் தேதி சொல்வீங்க.”

“சொல்வேன்.”

“ஊர் பேசும் சார்” என்றான். ‘ஆசிரியர் ஒருவர் தமக்கு நினைவில்லை என்று கூறிய நாள்’ என்று எழுதி முத்திரை குத்தினான். வேலையாட்கள் பிற்பகலைத் திரும்ப மாட்டினார்கள். சற்றுக் கோணலாக மாட்டிவிட்டார்கள். அந்நாளில் மூன்று மணி வெயில் இன்றும் எங்கள் வீட்டு வடக்குச் சன்னலில் விழுகிறது.

“வருசா வருசம் கொண்டாடணும் சார். நீங்க வந்து இதையே சொல்லணும். இல்லேன்னா நாள் போயிரும்.”

வீட்டில் தெய்வானை பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“இருக்கலாம்னுட்டாங்க” என்றேன்.

அவள் ஸ்வெட்டரை வெளியே எடுத்து வைத்தாள். மிட்டாயைப் பாதி கடித்துவிட்டு மீதியை எனக்குக் கொடுத்தாள்.

அதன் பிறகு மூன்று ஆண்டுகள் சென்று வந்தேன். ஒலிபெருக்கி வைத்தார்கள். உடையப்பன் கேட்பான். நான் சொல்வேன். கைதட்டிப் பாயசம் கொடுப்பார்கள்.

இவ்வாண்டு தெய்வானை பாயசம் காய்ச்சும் பெண்களோடு முன்னதாகவே போய்விட்டாள். நான் தனியே நடந்தேன். ஜனவரி இருபத்திரண்டின் எதிரே செருப்பு வார் அறுந்தது. குனிந்தேன். என் கைகளின் மேல் பல்பின் வெளிச்சம் விழுந்தது.

அன்று ஐந்து வயது உடையப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் அம்மா என் மேசைக்கு முன் நின்றார். “கரண்டு வந்த அன்னைக்குங்கய்யா. பல்பு எரிஞ்சதும் ஊரே கத்துச்சு. நான் கத்துனது ஒருத்தருக்கும் கேக்கல” என்றார். நான் ஜூன் ஒன்று என்று எழுதினேன்.

அங்கிருந்து இருநூற்று முப்பத்தொரு கதவுகள். ஒரு செருப்போடு நடந்தேன். இன்று நடைவழி நீளவே இல்லை.

அறை நிறைந்திருந்தது. தெய்வானை புதுச்சேலையில் முதல் வரிசையில் அமர்ந்திருந்தாள். உடையப்பனுக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. பேனாவைத் திறந்தான்.

“எங்கம்மா என்ன சொன்னுச்சு சார்?”

ஒலிபெருக்கி சிறிது நேரம் இரைந்தது.

“ஞாபகம் இல்லப்பா” என்றேன்.

கைதட்டினார்கள். முத்திரை விழுந்தது. உடையப்பன் பாயசத்தை என் கையில் கொடுத்தான். “மே மாசம் ரிட்டயர் ஆறேன். ஆனாலும் வந்து கேப்பேன் சார்” என்றான்.

திரும்பும்போது தெய்வானை என்னோடு நடந்தாள். ஜனவரி இருபத்திரண்டில் நின்றாள்.

“பட்டப்பகல்ல எதுக்குங்க இது எரியுது” என்று சுவிட்சை அணைத்தாள்.

நான் தடுக்கவில்லை.