முதல் அடுக்கு

ரயில் நிலையத்தின் பின்வாசலுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் கல் பாவிய ஒரு திடல். அங்கே மத்தியான நேரத்தில் போனால் ஒற்றை ஆளாக ஒரு கோஷ்டியையே நடத்திக்கொண்டிருப்பவனைப் பார்க்கலாம். முதுகில் ஒரு பெரிய டிரம் கட்டியிருக்கும். இடது குதிகாலில் முடிந்த கயிற்றை இழுத்தால் அதன் மேல் அடி விழும். கழுத்தில் மாட்டிய கம்பிச் சட்டத்தில் மவுத் ஆர்கன். கையில் வயலின். அது அலுத்தால் சின்ன கிடார். அதுவும் அலுத்தால் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி. திடலில் எல்லோரும் அவனை எட்டுக்கை என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவர் பக்கத்தில் சின்ன வண்டிக்கடை போட்டு மாற்றுச் சாவி செய்து கொடுக்கும் சாவிக்காரர். "எண்ணிப் பாத்துதான் வெச்சேன், ரெண்டு கைன்னா கணக்கு இடிக்குது" என்பார்.

எட்டுக்கை எதையும் ஒத்திகை பார்த்து வாசிப்பவன் அல்ல. ஒரு முறை வாசித்ததை இன்னொரு முறை கேட்டால் கையை விரித்துவிடுவான். அவனுடைய தொழில் முழுக்க வலது காலடியில் இருக்கும் லூப்பர் என்ற பெட்டியில் இருந்தது. அதில் ஒரு மிதி மிதித்தால் மைக்கில் விழுவதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு மிதிக்கு, பிடித்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கும். அதன் மேல் வயலினை வாசித்து மிதித்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். இப்படி அடுக்கு மேல் அடுக்காக ஏற்றி, கால்மணி நேரத்தில் ஒரு ஊர்வலமே போகிற மாதிரி செய்துவிடுவான்.

இதுவரைக்கும் மற்றவர்களும் செய்வார்கள். எட்டுக்கையின் கிறுக்கு என்னவென்றால், முதல் அடுக்கை அவன் வாசிப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பான். அந்த நேரத்தில் தெருவில் என்ன சத்தமோ அதுதான் அடித்தளம். பேருந்து பிரேக் போடும் சத்தம், கடை ஷட்டர் ஏறும் சத்தம், யாரோ தும்முவது. எது விழுந்தாலும் அழிக்கக் கூடாது என்பது அவனே அவனுக்குப் போட்டுக்கொண்ட சட்டம். விழுந்ததன் மேல் வாசித்து அதைப் பாட்டாக்க வேண்டும். கூட்டம் நின்று பார்ப்பதும் இதற்காகத்தான். சாவி அறுக்கும் மெஷின் அடிக்கடி அதில் மாட்டிக்கொள்ளும். அன்றைக்கெல்லாம் சாவிக்காரர் தன்னையும் வித்வான் என்று சொல்லிக்கொள்வார்.

அவனுடைய மனைவி எதிர் வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண் சோதித்து வந்த சீட்டையும் ஆளையும் பார்த்ததும் எந்த முகத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று சொல்லிவிடுவாள். முதலாளியே அவளைக் கேட்டுத்தான் சரக்கு எடுப்பார். அந்த முதலாளி ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய நகரத்தில் புதுக் கிளை திறக்கிறார். அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவள் அதை வீட்டில் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில்தான் சொன்னாள். எட்டுக்கை உடனே கரண்டியை எடுத்துத் தட்டில் தட்டி, "மேனேஜரம்மா வர்றாங்க, வழிய விடு" என்று இழுத்துப் பாடினான். அவள் சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் மறுபடி எடுத்தாள். மறுபடி கரண்டி. இந்தத் தடவை டம்ளரும் சேர்ந்துகொண்டது. அவள் சிரிக்கவில்லை. அப்புறம் படுக்கையில் சொன்னாள், பேருந்துக்கு நிற்கும்போது சொன்னாள். "நம்ம ரெண்டு பேரும் போலாமா, இல்ல வேணாம்னு சொல்லிடட்டுமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று நேராகவே கேட்டாள். அவன் "பாக்கலாம்" என்றான். அந்தப் பாக்கலாமுக்கும் ஒரு மெட்டு இருந்தது.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. குடிப்பதில்லை, கை ஓங்கியதில்லை, அவள் சம்பளத்தைத் தொட்டதில்லை. அந்தத் திடலை விட்டால் தன்னை யாருக்கும் தெரியாது என்ற பயம் மட்டும் அவனுக்கு இருந்தது. பயம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் சாமி கும்பிடுவார்கள். இவன் எதையாவது எடுத்துத் தட்டுவான்.

அன்றைக்கு வழக்கம்போல அவள் மத்தியான இடைவேளையில் சாப்பாட்டுப் பையோடு வந்தாள். முதல் பாட்டு முடிந்து அவன் வயலின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். அடுத்த பாட்டு முடிந்ததும் இருவரும் சாப்பிடுவது ஏற்பாடு. இவன் கால் பெட்டி மேல் இருக்கும்போது மைக் பக்கத்தில் பேசக் கூடாது என்பது பல வருஷப் பழக்கம். அவள் அதில் தவறியதே இல்லை. ஆனால் அவளுடைய அக்கா போனில் கூப்பிட்டாள். வெயிலுக்கு ஒதுங்கி அவள் நின்ற இடம் மைக் தண்டுக்கு ஒரு கை தூரம். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். பேசுகிற விஷயம் வேறு அவளை இடம் பொருள் பார்க்க விடவில்லை.

எட்டுக்கை கண்ணை மூடினான். மிதித்தான். மூச்சு ஒன்றை முழுக்க இழுத்து விட்டு மறுபடி மிதித்தான்.

இரண்டு ஸ்பீக்கரிலும் அவன் மனைவியின் குரல் திடலுக்கே கேட்கும்படி வந்தது.

"சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்க்கா, இனிமே கேக்கப் போறதில்ல. நான் மட்டும் போறேன்."

அதற்கப்புறம் ஏதோ தணிந்த குரலில் ஒரு முணுமுணுப்பு. உடனே மறுபடி முதலிலிருந்து. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்க்கா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாருடைய குரல் என்று தெரியாமல் சிலர் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். சாவிக்காரருக்குத் தெரியும், அவர் சட்டென்று குனிந்து கையில் இருந்த சாவியை ஆராய ஆரம்பித்தார். அவள் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

எட்டுக்கை கண்ணைத் திறந்தான். அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போவதைப் பற்றித்தான் பேசியிருப்பாள் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அங்கே போனால் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர், "இன்னும் ரோட்லதானா மாப்ள" என்று வாயைப் பிடுங்குவார், அதனால் அவன் போவதைத் தட்டிக்கழிப்பது உண்மைதான். ஆமாம், அதுதான் விஷயம், வேறென்ன இருக்கப் போகிறது. இப்படி முடிவு கட்டிக்கொண்டதும் கைக்குத் தெம்பு வந்தது. அவளைக் காப்பாற்ற வேண்டும். பாவம், நாலு பேர் சிரிக்கும்படி நிற்கிறாள்.

பெட்டியை அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து போயிருக்கும். அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

சொல்லிச் சொல்லி என்பதில் நல்ல தாளம் இருந்தது. வாளியை இழுத்துப் போட்டு அதற்கு ஈடாக நாலு தட்டு தட்டினான். மிதி. முதுகு டிரம்மை 'போறேன்' விழும் இடத்தில் இறக்கினான். மிதி. மவுத் ஆர்கனில் இரண்டு நீள ஊதல். சின்ன கிடாரில் ஒரு துள்ளல். அடுக்கு ஏற ஏற வார்த்தைகள் மங்கின. ஐந்தாவது அடுக்கில் அது மனிதக் குரல் என்பதே தெரியவில்லை. ஏதோ ஒரு பெண்பிள்ளைத் தாளம் அடியில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் வயலினை எடுத்து அவன் வாசித்த வாசிப்பு இருக்கிறதே, அதை நன்றாக இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ரயிலுக்குப் போனவர்கள் ரயிலை விட்டார்கள். அலுவலகக்காரர் ஒருவர் டையைத் தளர்த்திக்கொண்டு ஆடினார். கைதட்டல் அடங்கவே வெகு நேரம் ஆனது.

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைசி வரை நின்று கேட்டாள். ஆடவில்லை, அழவில்லை. கண்ணாடிச் சட்டத்தின் கோணலைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தான். முகமெல்லாம் பல்.

"பாத்தியா, எப்படி மூடினேன்? ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல."

"உங்களுக்கு?" என்றாள்.

"என்ன எனக்கு?"

"உங்களுக்குப் புரிஞ்சுதா, நான் என்ன சொன்னேன்னு?"

"அக்கா வீட்டுக்குத்தானே? நான் என்ன வரமாட்டேன்னா சொன்னேன். அத்தான் வாயத்தான்..."

அவள் அவனைப் பேசி முடிக்க விடவில்லை. குரலும் உயரவில்லை.

"வீட்லயும் இதேதான் பண்றீங்க. நான் ஒண்ணு சொன்னா அது மேல தட்டுறீங்க, ஊதுறீங்க. நல்லாத்தான் இருக்கு, இல்லங்கல. ஆனா நான் சொன்னது எங்க போச்சுன்னு எனக்கே தெரியாமப் போயிடுது."

"ஏய், நாலு பேர் சிரிக்கிறாங்களேன்னு..."

"சிரிச்சா சிரிக்கட்டும். அவங்க சிரிச்சுக்கிட்டாவது கேட்டாங்க."

சாவிக்காரர் எழுந்து, தேவையே இல்லாமல், டீ குடிக்கப் போய்விட்டார்.

எட்டுக்கை அசடு வழிய நின்றான். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிட்டால் தீர்ந்துபோகும் என்று நாக்கு துறுதுறுத்தது. அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினான். என்ன செய்வது என்று தெரியாதபோது கை தெரிந்த வேலைக்குத்தான் போகும். ஸ்பீக்கரை அணைத்தான். ஹெட்போனை எடுத்துப் பெட்டியில் செருகிக் காதில் மாட்டிக்கொண்டு அவளுக்கு எதிரிலேயே குந்தினான்.

அந்தப் பெட்டியில் கடைசியாக ஏற்றியதைத்தான் முதலில் இறக்க முடியும். அடியில் கிடப்பதை மட்டும் தனியாக உருவ வழியில்லை. அவன் கையாலேயே பொத்தானை அழுத்தினான். வயலின் போயிற்று. அது போனதில் அவனுக்கு மனசு வலித்தது, இவ்வளவு நல்ல வயலின் இனி எப்போது வரும் என்று. ஒரு நொடி அப்படி நினைத்ததற்காக அவனுக்கே வெட்கமாக இருந்தது. அடுத்த அழுத்தலில் கிடார் போயிற்று. ஊதல் போயிற்று. டிரம் போனதும் 'போறேன்' தனியாக நின்றது. கடைசியில் வாளி.

மிச்சம் இருந்தது அவள் குரல். மந்தமான காதுக்காக உயர்த்திப் பேசிய, களைத்த குரல். சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்க்கா, இனிமே கேக்கப் போறதில்ல, நான் மட்டும் போறேன். ஸ்பீக்கரில் முணுமுணுப்பாகப் போன மிச்சமும் ஹெட்போனில் தெளிவாக இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தணிந்து சொல்லியிருந்தாள்: "ஒண்ணாந்தேதி சேர்றேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

திரும்பவும் முதலிலிருந்து வந்தது. அவன் கேட்டான். இன்னொரு முறை வந்தது, அதையும் கேட்டான். முதலில் அகப்பட்ட தாளம் இப்போது அகப்படவில்லை; எங்கே தேடினாலும் அது வெறும் பேச்சாகவே இருந்தது. அக்கா வீடு, ஞாயிற்றுக்கிழமை என்று அவன் கட்டிய சப்பைக்கட்டெல்லாம் பொலபொலவென்று விழுந்தது. இது தனக்கு முன்னாடியே தெரியும் என்பதும் தெரிந்தது. கரண்டி எடுத்த முதல் நாளே தெரியும். பயமாக இருந்தது. அவள் இல்லாத வீட்டை நினைத்தான். அதில் அவன் பெரிய பெரிய சத்தமெல்லாம் எழுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் மணியைப் பார்த்தாள். இடைவேளை முடியப் போகிறது. சாப்பாட்டுப் பையை அவன் பக்கத்தில் வைத்தாள்.

கெஞ்சுவான் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம். கோபப்படுவான், இல்லாவிட்டால் உன் இஷ்டம் என்று முறுக்கிக்கொள்வான். பழையபடி ஏதாவது பாடிப் பூசி மெழுகுவான். இவை எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. இத்தனை நாள் தூங்காமல் படுத்திருந்தபோது தயார் செய்தவை.

அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"அங்க தங்குறதுக்கு ரூம் ஏதாவது பாத்தியா?" என்றான்.

இதற்கு அவள் பதில் தயார் செய்திருக்கவில்லை. இத்தனை வாரத்தில் இந்த விஷயமாக அவன் கேட்ட முதல் கேள்வி அது. ஸ்பீக்கர் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பாத்தாச்சு," என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு ஆளுக்குத்தான் பாத்திருக்கேன்" என்றாள்.

எட்டுக்கை சரி என்பது போலத் தலையை அசைத்தான். எந்தத் தெரு, எத்தனாவது மாடி, ஜன்னல் இருக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கண்ணாடிக் கடை வாசலில் யாரோ வந்து அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.