ஒரு மக் தண்ணீர்

அந்தப் பெண்ணின் வலது கை முதல் நாளில் மட்டும் நாற்பத்தோராயிரம் தடவை தானாக உயர்ந்து இறங்கியது. தோளுக்கு மேலே போகும், மணிக்கட்டு முன்பக்கமாகச் சாயும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல மடியில் வந்து விழும். அவளுக்கு வயது பதினேழு. காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை. பரிசோதித்த டாக்டர் நரம்புக் கோளாறாக இருக்கலாம் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் எழுதி முடிப்பதற்குள் கை பதினாறு தடவை உயர்ந்தது. உண்மையான காரணத்தை அவளுடைய அம்மா அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார். அம்மா மருந்துக் கடையில் வேலை செய்கிறவர். பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த முதல் மணி நேரத்தில், கடையில் கூட வேலை செய்கிறவர் அனுப்பிய பதினோரு நொடி வீடியோவை அவர் சமையலறையில் நின்றபடி பார்த்தார். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளின் கை தட்டிலிருந்து மேலே போய்ச் சாய்ந்தது, கையிலிருந்த கவளம் தரையில் சிதறியது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை பார்த்தார். கை இன்னொரு தடவை உயர்ந்தது. மூன்றாவது தடவை அவர் பார்க்கவில்லை. அதற்குள் மற்றவர்கள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

வீடியோவில் இருப்பது இவ்வளவுதான். கடைத்தெருவில் ஓர் ஐந்து மாடிக் கட்டடம். உச்சியில் டியூஷன் சென்டர், நடுவில் ஒரு பல் மருத்துவர், இரண்டு வக்கீல்கள், கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. லிப்ட் ஒன்பது நாளாக ஓடவில்லை. அதைச் சரிசெய்ய வேண்டிய மெக்கானிக் அந்தப் பெண்ணின் அப்பாதான். உதிரி பாகம் வரட்டும் என்று காத்திருந்தார். படிகளைத் துடைக்கிற பெண்மணியைக் கட்டடத்தில் எல்லோரும் படிக்கட்டு அக்கா என்பார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேலிருந்து கீழே துடைத்து வருவது அவர் வழக்கம். துடைத்த படி காய்கிற வரை தானும் கால் வைக்க மாட்டார், அடுத்தவரையும் விட மாட்டார். வகுப்புக்கு நேரமாகி, தோழிகள் நான்கு பேரோடு ஏறி வந்த பெண்ணிடம், ஈரம் காயட்டும், இரண்டு நிமிஷம் நில்லும்மா என்றார். தோழிகளில் ஒருத்தி சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்பது தெரியவில்லை. பெண் குனிந்து வாளியில் கிடந்த மக்கை எடுத்து, அழுக்குத் தண்ணீரை மொண்டு, அக்காவின் தலையில் ஊற்றினாள். ஊற்றும்போது அக்காவைப் பார்க்கவில்லை, தோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பின்வாங்கவில்லை, ஏனென்றால் பின்னால் இருந்தவை அப்போதுதான் துடைத்த படிகள். இதை நியாயப்படுத்துகிற மாதிரி முன்னாலும் எதுவும் நடக்கவில்லை, பின்னாலும் நடக்கவில்லை. சிலர் அக்கறையோடு தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. படம் பிடித்தவள், சிரித்த அதே தோழிதான். அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை யாரும் அதிசயமாக நினைக்கவுமில்லை.

இந்தத் தண்டனை நியாயமா என்று சலூனில் இரண்டு கட்சி உண்டாயிற்று. பிஞ்சிலேயே பழுத்தது, இப்படி நாலு பேர் காறித் துப்பினால்தான் புத்தி வரும் என்றது ஒரு கட்சி. பதினேழு வயதில் நாம் செய்ததை யாரும் படம் பிடிக்கவில்லை, அதனால்தான் இன்றைக்கு யோக்கியர்களாக உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்கிறோம் என்றது இன்னொரு கட்சி. எந்தக் கட்சியாக இருந்தாலும் வாயைத் திறக்குமுன் வீடியோவை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டார்கள், விவரம் தவறிவிடக் கூடாதல்லவா. நிலைமை சீராகும் வரை வர வேண்டாம் என்று பள்ளிக்கூடம் சொல்லி அனுப்பியது. அந்த முடிவை எடுக்கக் கூடிய ஆசிரியர்கள் பதினான்கு பேரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். இதை எழுதுகிறவனும் மூன்று தடவை பார்த்தான். முதல் தடவை கோபத்தில் பார்த்தேன். மற்ற இரண்டுக்கும் என்ன காரணம் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

லிப்ட் மெக்கானிக் மகளின் கையை ஒரு பழுதாகத்தான் பார்த்தார். அவருக்குத் தெரிந்த முறை அது. தோள்பட்டையில் தைலம் தேய்த்தார், நாற்காலியின் கையோடு பெல்ட் போட்டுக் கட்டினார், மணிக்கட்டில் இரும்பு வளையம் மாட்டினார், அறையைச் சுற்றி, சிக்னல் நுழையாதபடி, தகரம் அடித்தார். ஒரு வேலையை முடித்தால் ஓட்டிப் பார்க்காமல் விடக் கூடாது என்பது அவர் தொழிலில் சட்டம். அதனால் ஒவ்வொரு முறையும், இப்போது சரியாகியிருக்கும் என்று நம்பி, தானே வீடியோவைப் போட்டுச் சோதித்தார். நாற்பத்தாறு தடவை சோதித்தார். நாற்பத்தாறு தடவையும் கை உயர்ந்தது, ஒரு தடவை நாற்காலியோடு உயர்ந்தது. ஐந்தாம் நாள் அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. மகளை உட்காரவைத்து, மன்னிப்புக் கேட்கச் சொல்லி, அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார். அதைப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு இவள் எதற்காக மன்னிப்புக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்காகப் பழைய வீடியோவைத் தேடினார்கள். அன்று மாலை அந்தக் கை மின்விசிறியின் இறக்கை மாதிரி சுற்றியது, பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழக்கூட இடது கைதான் மிச்சமிருந்தது.

இத்தனை நாளும் படிக்கட்டு அக்கா வேலைக்கு வரவில்லை. அவமானத்தில் முடங்கிவிட்டார், பாவம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அக்கா இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில், குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது வீடியோவைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவர் தலைக்கு மேல் வெற்றிடத்திலிருந்து ஒரு கை அளவு தண்ணீர் விழுந்தது. சாம்பல் நிறத் தண்ணீர், பினாயில் வாசனையோடு. குடை பயன்படவில்லை, தண்ணீர் குடைக்கும் தலைக்கும் நடுவில்தான் உண்டாயிற்று. வீட்டுக்காரர் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரைக் கூட்டி வந்தார். பிளம்பர் நல்ல குழாயைக் கழற்றிவிட்டுப் புதுக் குழாய் போட்டுவிட்டுப் போனார். அக்கா யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் ஆறுதல் சொல்ல வந்த ஒவ்வொருவரும், உங்களுக்கு நடந்ததைப் பார்த்தீங்களா என்று போனை நீட்டித்தான் பேச்சைத் தொடங்கினார்கள்.

பத்தாம் நாள் கடைக்காரர்கள் சங்கம் அவருக்குப் பாராட்டு விழா நடத்தியது. உழைப்பின் பெருமை பற்றி ஆறு பேர் பேசினார்கள். பிறகு விளக்கை அணைத்துப் பெரிய திரையில் வீடியோவைப் போட்டார்கள். கடைசி வரிசைக்குச் சரியாகத் தெரியவில்லை என்று குரல் வந்ததால் மூன்று தடவை போட்டார்கள். நானூறு பேர் பார்த்த தண்ணீர் மேடையில் ஒரே சமயத்தில் கொட்டியது. நினைவுப் பரிசின் அட்டைப்பெட்டி அக்காவின் மடியிலேயே கரைந்தது. விளக்கைப் போட்டபோது தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, ஆனந்தக் கண்ணீர் என்று சங்கத் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார், அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. கடைசி வரிசையில் பெண்ணின் அம்மா முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் கை தட்டவில்லை. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அக்காவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால், தண்ணீர் எங்கிருந்து விழுகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் ஒரு புதுத் துண்டோடு அக்காவின் அறைக்குப் போனார். தான் யாரென்று எப்படித் தொடங்குவது என்று தடுமாறினார். அக்காவே உதவினார்.

"தெரியுது. அந்தப் பொண்ணுக்கும் இதே மூக்குதான்."

அம்மா வாசலிலேயே உட்கார்ந்து, மகளின் கையைப் பற்றிச் சொன்னார். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்திருந்தார், முடியவில்லை. அக்கா துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். பிழிந்த துணி பிழியப் பிழிய நனைந்தது.

"உங்க பொண்ணு ஊத்தினது ஒரு தடவைம்மா. மிச்சமெல்லாம் என்மேல பரிதாபப்பட்டவங்க ஊத்தினது" என்றார் அக்கா. "அந்த ஒண்ணை நான் விடமாட்டேன். அதுக்கு அவ இங்க வரணும், என் மூஞ்சியப் பாத்துப் பேசணும். போனை மட்டும் வீட்லயே வச்சிட்டு வரச் சொல்லுங்க."

அம்மா வீட்டுக்குத் திரும்பி மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் தன் போனை எடுத்து அணைத்து, கருவிப் பெட்டியின் அடியில் வைத்து மூடினார். நாற்பத்தாறு என்று மட்டும் சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை.

பெண் போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனாள். அறைக்குள் நுழைந்து அக்காவுக்கு எதிரே நின்றதும் எங்கோ யாரோ பார்த்தார்கள், கை உயர்ந்து சாய்ந்தது. அவ்வளவு பக்கத்தில் நின்றதாலோ என்னவோ, இந்தத் தடவை தண்ணீர் வெற்றிடத்திலிருந்து வரவில்லை. அவள் உள்ளங்கையிலிருந்து கொட்டியது. லட்சக்கணக்கான தடவை ஊற்றிய அந்தக் கைக்குச் சொந்தக்காரி, அது விழுகிற இடத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். முதலில் கண் மூடிக்கொள்கிறது. பிறகு தண்ணீர் புருவத்தில் தங்கி, மூக்கோரமாக இறங்கி, வாய்க்குள் போகாமல் இருக்க உதடு உள்ளே மடிகிறது. மனப்பாடம் செய்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"நீங்க ஒண்ணும் செய்யல. நான் சும்மாதான் ஊத்தினேன்."

"சும்மாவா?"

"சும்மாதான். அவங்க சிரிக்கணும்னு."

அக்கா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பெண்ணுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது, ஓடவில்லை. இந்த ஊரில் இத்தனை பேர் பேசியும், நடந்ததை நடந்தபடி தன்னிடம் சொன்னது இவள் ஒருத்திதான் என்று அக்கா பிற்பாடு கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அப்போது அப்படியெல்லாம் சொல்லவில்லை. அடுத்த தடவை கை உயரத் தொடங்கியதும், பெண் பதறி உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பினாள். தண்ணீர் சுவரில் விழுந்தது. இருவரும் சுவரைப் பார்த்தார்கள். அக்கா ஒரு வாளியை இழுத்துப் போட்டார். அதற்கடுத்த தடவை தண்ணீர் வாளியில் விழுந்தது.

"நான் வேலைக்குப் போயாகணும்" என்றார் அக்கா. "நீ பக்கத்துல இருந்தா நனைய மாட்டேன். காலையில ஆறரைக்கு வந்துடு."

இப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது. பள்ளிக்கூடம் வர வேண்டாம் என்று நிறுத்திவைத்த பெண் தினமும் ஆறரைக்குக் கட்டடத்துக்கு வந்தாள். அக்கா மேலிருந்து கீழே துடைத்து வருவார்; இவள் வாளியோடு ஒரு படி கீழே நிற்பாள், கை உயரும்போது வாளிப் பக்கம் திரும்புவாள். குழாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. துணியில் வடிகட்டினால் போதும், பினாயில் ஏற்கனவே கலந்திருந்தது. ஏறி வருகிறவர்கள் ஈரம் காயக் காத்திருந்தார்கள், சில பேர் காத்திருக்கும்போது போனை எடுத்து, இவளா அவள் என்று சரிபார்த்துக்கொண்டார்கள். வாளி அதனாலேயே சீக்கிரம் நிறைந்தது. லிப்ட் மெக்கானிக் உதிரி பாகத்தைப் போட்டு லிப்டை ஓடவிட்டார். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு அவள் தனியாகப் படித்துப் பரீட்சை எழுதினாள். இடது கையால் எழுதினாள். வலது கை உயரும்போதெல்லாம் கண்காணிப்பாளர் கூடுதல் தாள் கேட்கிறாள் என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்ததில் மேசையில் முப்பது தாள் சேர்ந்தது. பரீட்சை நடந்த மூன்று மணி நேரமும் அக்கா தன் அறையில் நனைந்துகொண்டிருந்தார், அது முன்கூட்டியே பேசி வைத்ததுதான். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள். ஒரு நாளைக்கு நூறு, பிறகு இருபது, பிறகு வாரத்துக்கு நாலைந்து. சலூனில் வேறு பையன், வேறு வீடியோ வந்துவிட்டது. அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்பது அடுத்த ஊர்க்காரர்கள் எழுத வேண்டிய கதை. ஒருநாள் மூன்றாம் மாடிப் படியில் நின்றபடி, என்னை மன்னிச்சிட்டீங்களா அக்கா என்று பெண் கேட்டாள்.

"அதை அப்புறம் பாக்கலாம். கையத் திருப்பு, வருது பாரு" என்றார் அக்கா. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. இருவருக்கும் அதில் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

இருபத்திரண்டு வயதில் வெளியூரில் ஒரு லிப்ட் கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது கை ஒரு தடவை உயர்ந்தது. உள்ளே போனதும் அதிகாரி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். என்னைப் பற்றி இப்போதுதான் பார்த்தீர்கள், அது நான்தான் என்று அவளே சொன்னாள். சலூனின் இரண்டு கட்சியில் அந்த அதிகாரி எது என்று தெரியவில்லை, வேலையைக் கொடுத்தார். லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுகிற தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை. பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க என்று சொல்ல வேண்டும், அதற்குக் கை தேவையில்லை. ஊரை விட்டுப் போகத் தயங்கியவளை, போ, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நனையறதுக்கெல்லாம் யாரும் காவல் நிக்க வேண்டாம் என்று அக்காதான் அனுப்பி வைத்தார்.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. வருஷக் கடைசியில் யாராவது பழைய வீடியோக்களைத் தொகுத்துப் போடுவார்கள்; அன்றைக்கு அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு, சோப்போடு உட்கார்ந்து தலைக்குக் குளித்துவிடுவார். மற்ற நாட்களில் எப்போதாவதுதான். கை உயர்ந்தால், மாட்டிக்கொண்டவர் வெளியே வரும் வரை பேசி முடித்துவிட்டு, அவள் அக்காவுக்குப் போன் போடுவாள். நனைஞ்சீங்களா என்பாள். தோள்பட்டை மட்டும்தான் என்பார் அக்கா. யார் பார்த்திருப்பார்கள் என்று இருவரும் கேட்டுக்கொள்வதில்லை. சாப்பிட்டாயா என்று ஒருவரையொருவர் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

அக்கா இன்னும் அந்த ஐந்து மாடியையும் மேலிருந்து கீழேதான் துடைக்கிறார். இதைப் படித்துவிட்டு அந்த வீடியோவைத் தேடிப் பார்க்க நினைப்பவர்கள் மதியம் ஒரு மணிக்கு மேல் பார்த்தால் நல்லது. அதற்குள் அவர் வேலையை முடித்து வீட்டுக்குப் போயிருப்பார், மாற்றுத் துணி அங்கேதான் இருக்கிறது.