ஆறு மூலை வெளிச்சம்

ஒரு லென்ஸ் வாங்க ஒருத்தி இவ்வளவு யோசிப்பாளா என்று கேட்டால், யோசிப்பாள். ஆஸ்பத்திரி லேபில் மைக்ரோஸ்கோப்புக்குள் கண்ணை விட்டு ஊரார் ரத்தத்தையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். ஓய்வு பெற்ற பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அவள் அண்ணன், "சும்மாதானே கிடக்குது, எடுத்துட்டுப் போ" என்று தன் பழைய கேமரா ஒன்றைக் கொடுத்துவிட்டான். உடம்பு மட்டும்தான். லென்ஸை அவளே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஐம்பது எம்.எம். பிரைம் வாங்கு என்றான். ஜூம் கீம் ஒன்றும் வேண்டாம், கிட்டப் பார்க்க வேண்டுமானால் காலால் நடந்து போ என்றான். அதுவரைக்கும் தகராறில்லை. எந்தக் கம்பெனி லென்ஸ் என்பதில்தான் தகராறு. அதே லென்ஸைக் கேமரா கம்பெனியும் விற்கிறது; அந்தக் கேமராவில் பொருந்துகிற மாதிரி வேறு கம்பெனிகளும் பாதி விலைக்கு விற்கின்றன. "கண்ணை மூடிக்கிட்டுக் கம்பெனி லென்ஸையே வாங்கு தேன்கூடு. வெளிக் கம்பெனி பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காத" என்று போனில் ஒரே பிடியாகப் பிடித்தான்.

சின்ன வயதிலிருந்தே அவன் அவளைத் தேன்கூடு என்றுதான் கூப்பிடுவான். எதற்காக அந்தப் பெயர் வந்தது என்பதை அவளே மறந்துபோயிருந்தாள். ஆனால் வெளிக் கம்பெனி லென்ஸை அவன் எதற்காக மட்டம் தட்டுகிறான் என்பது மறக்கவில்லை. அவர்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஒரு கேமராவுக்கு இரண்டு லென்ஸ் இருந்தன.

கேமரா அண்ணனுடையது. அப்பா அவனுக்கென்று பழையதாக வாங்கிக் கொடுத்தது. கம்பெனி லென்ஸோடு வந்தது. அதை அவள் தொடக் கூடாது. "கண்ணாடியில கைரேகை படும்" என்று அண்ணன் ஏதோ கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி காவல் காத்தான். அவளும் படம் எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒருநாள் அம்மா வேலை முடிந்து வரும்போது கைப்பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். உள்ளே அதே ஐம்பது எம்.எம்., யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனி. "கேமரா அவனோடது. இது உன்னோடது" என்றாள். அதற்குமேல் வீட்டில் யாரும் பேசவில்லை.

அன்று முதல் ஒரு சட்டம் வந்தது. யாருடைய லென்ஸ் மாட்டியிருக்கிறதோ, அவருடைய முறை. முறை மாறும்போது தெருவென்றும் பார்க்காமல் இருவரும் காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்துவார்கள். தூசி விழாமல் கேமராவைக் குப்புறப் பிடித்து, ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுவார்கள். அண்ணன் தன் லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற துவாரத்தை எப்போதும் முழுதாகத் திறந்து வைத்துத்தான் எடுப்பான். கம்பெனி லென்ஸ் என்ற திமிர். அவளுடையதை முழுதாகத் திறந்தால் படம் ஆவி படிந்த மாதிரி வரும். அதனால் வளையத்தைத் திருப்பித் துவாரத்தை இரண்டு சொடுக்கு மூடிக்கொண்டு, கை ஆடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பாள்.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாளெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் சிரித்த குரலில் பேசுவது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் முகம் ஆணி அடித்த மாதிரி இருக்கும். கோபமில்லை, அலுப்பு. "சிரிப்பையெல்லாம் ஆபீஸ்லயே செலவு பண்ணிட்டு வெறுங்கையோட வந்துடறா" என்பார் அப்பா. அம்மாவிடமிருந்து ஒரு சிரிப்பு வாங்கிவிட வேண்டும் என்பதற்காகவே அண்ணனும் தங்கையும் சாயங்காலங்களில் கேமராவோடு எக்ஸ்சேஞ்ச் வாசலில் போய் நிற்பார்கள். படியிறங்கும் அம்மாவை மாற்றி மாற்றி எடுப்பார்கள். பிலிம் சுருள்தான் தீர்ந்தது. அம்மா சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அந்தப் படம் வந்தது. அண்ணன் எடுபிடி வேலை பார்த்த ஸ்டுடியோவில் அவனே கழுவிக்கொண்டு வந்தான். தோளில் பை, பின்னால் பஸ்களும் கடை விளக்குகளும், படியில் நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற அம்மா. வீடே கூடிப் பார்த்தது. "நான் எடுத்தது" என்றான் அண்ணன். அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "அப்படியா" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி மகளை ஒருமுறை பார்த்தாள். ஐயோ பாவம் என்று பார்க்கிறாள் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். யாரும் அவளைத் திட்டவில்லை, தடுக்கவில்லை. அவள் தன் லென்ஸைப் பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள். ஒரு வருஷம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றும் தனக்குக் கிடைக்காத சிரிப்பு அண்ணனுக்குக் கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன இருக்கிறது. அண்ணன் அந்த ஒரு படத்தை வைத்தே ஸ்டுடியோக்காரன் ஆனான். படம் இன்றைக்கும் அவன் கடையில் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்கள் யார் எடுத்தது என்று கேட்பார்கள். "நான்தாங்க" என்பான். அவள் அங்கே போகும்போதெல்லாம் அம்மா முகத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொள்வாள். மற்றவர்களுக்குச் சிரிப்பாகத் தோன்றும். ஆனால் பேரன் எடுத்த வயதிலும் அவளுக்கு ஆறவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை அப்படிச் சிரித்திருக்கக் கூடாதா என்று அம்மாவிடம் கேட்க நினைத்து, கேட்காமலே இருந்துவிட்டாள்; அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கேமராக் கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. இரண்டு லென்ஸையும் துணிமேல் எடுத்து வைத்து, எதையும் மறைக்காமல் சொன்னாள். கம்பெனி லென்ஸ் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும், பின்னால் விற்றாலும் விலை போகும். மற்றதும் மோசமில்லை, நடுப்பகுதி நல்ல கூர்மை, விலை பாதி. "ரெண்டையும் மாட்டி எடுத்துப் பாருங்கம்மா. நானே வாசல்ல நிக்கிறேன்" என்றாள்.

வெளியே சாயங்காலம். தெருவில் வண்டிகள் விளக்கைப் போட ஆரம்பித்திருந்தன. கடைப் பெண்ணை வாசலில் நிறுத்தி, முதலில் கம்பெனி லென்ஸில் ஒன்று, பிறகு மற்றதில் ஒன்று. இரண்டிலும் அவள் விரல் தானாக இரண்டு சொடுக்கு மூடியது. எத்தனை வருஷத்துப் பழக்கம், விரல் மறக்கவில்லையே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இரண்டு படத்தையும் திரையில் பார்த்தார்கள். முதல் படத்தில் பெண்ணின் பின்னால் தெரு விளக்குகள் கலங்கி உருண்டை உருண்டையாக இருந்தன. இரண்டாவதில் உருண்டை இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் மூலை இருந்தது.

"இதுதாம்மா இதுல ஒரு குறை" என்றாள் கடைப் பெண். "உள்ள துவாரத்தை மூடுற தகடு ஆறு இதழ்தான். கொஞ்சம் மூடினா பின்னாடி லைட்டெல்லாம் ஆறு மூலையா வந்துடும். சில பேர் இதுக்காகவே திருப்பிக் கொண்டுவந்துடறாங்க."

தேன்கூடு. அப்போதுதான் அவளுக்கு அந்தப் பெயர் வந்த வழி ஞாபகம் வந்தது. உன் படத்துல பல்பெல்லாம் மூலை வச்சுக்கிட்டு நிக்குது, தேன்கூடு மாதிரி என்று அண்ணன் கேலி செய்ததும், அவள் மூக்கால் அழுததும், மூலை இருந்தா என்ன, வெளிச்சம்தானே என்று அம்மா சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவன் படத்தில் விளக்குகள் எப்போதும் உருண்டை. அவள் படத்தில் எப்போதும் மூலை. அப்படியானால் அந்தப் படத்தில்?

அம்மா முகத்தின் ஒவ்வொரு கோடும் அவளுக்கு மனப்பாடம். பின்னால் இருந்த விளக்குகள் எப்படி இருந்தன என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. ரத்தத்தில் இல்லாத கிருமியைக்கூடத் தேடித் தேடிப் பார்த்தவள், அந்தப் படத்தில் முகத்தைத் தாண்டிப் பார்த்ததே இல்லை. வெளிக் கம்பெனி லென்ஸையே கட்டச் சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள்.

அண்ணன் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தான். அவள், படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். இந்த வயசுல விழுந்து வைக்காத என்று அவன் சத்தம் போட்டான். அவள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பஸ் விளக்கு, கடை பல்பு, தெருக்கம்பம். எல்லாவற்றுக்கும் ஆறு மூலை. பின்னால் கத்தரி நின்றுபோனது.

"மூலை இருக்கு அண்ணா."

என்ன மூலை என்று அவன் கேட்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்தான்.

"கழுவும்போதே எனக்குத் தெரியும்" என்றான்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தப் படத்தைச் சட்டத்தோடு கழற்றித் தரையில் போட்டு உடைத்திருக்கலாம். அம்மா சிரிக்கிறாளே என்றுதான் விட்டாள். இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவனாகச் சொன்னான். அந்த வருஷம் அவன் இரண்டாம் முறையும் பரீட்சையில் கோட்டை விட்டிருந்தான். அப்பா அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தார். வீட்டில் அவன் மூஞ்சியை நிமிர்ந்து பார்க்கவே ஆளில்லை. படம் வந்ததும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தான். நாளைக்குள் ஸ்டுடியோ முதலாளி படத்தைப் பார்த்துவிட்டு அவனைப் படம் எடுக்கிற வேலைக்கே வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

"அம்மாவுக்குத் தெரியாதா, யாரைப் பாத்துச் சிரிச்சோம்னு? அப்படியான்னாங்க. வேற ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு வேற ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டாங்க. அந்த அப்படியா இன்னும் என் காதுல இருக்கு."

"எனக்கும் சேத்து யாராவது யோசிச்சிருக்கலாம்" என்றாள் அவள்.

மின்விசிறிக் காற்றில் பறக்கப் பார்த்த பாஸ்போர்ட் படங்களை அவன் ஒன்றாக அடுக்கினான்.

அவளுக்கு ஒன்றுதான் பிடிபடவில்லை. தான் எடுத்த படம் என்றால் எப்படி மறக்கும்? அம்மா சிரித்ததைப் பார்த்த ஞாபகமே இல்லையே என்று கேட்டாள்.

"நீ எப்படிப் பாத்திருப்ப?" என்றான் அண்ணன். "பட்டனை அழுத்தின நேரம் உள்ள இருக்கிற கண்ணாடி தூக்கிக்கும். கண் இமைக்கிற நேரம் இருட்டாயிடும். அந்த நேரத்துல நடக்கிறது படம் எடுக்கிறவங்களுக்கு மட்டும் தெரியாது. நான் பக்கத்துல நின்னேன். நான் பாத்தேன்."

அவன் சொன்னான். அவள் நடைபாதை ஓரத்தில் நின்றிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நுனி நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு. ஃபோகஸ் செய்யும்போதெல்லாம் அவள் அப்படித்தான் நிற்பாள்; அவளுக்குத் தெரியாது. அம்மா வழக்கமான முகத்தோடு படியிறங்கி வந்தாள். மகளைப் பார்த்தாள். நின்றாள். திடீரென்று சிரித்தாள். அடுத்த படியில் கால் வைப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

"உன் நாக்கைப் பாத்துத்தான் சிரிச்சாங்க. எங்கிட்ட ஒரு தடவையாவது அப்படிச் சிரிப்பாங்களான்னு நானும்தான் அந்த வருஷம் பூரா நின்னேன். சிரிக்கல."

அழுகை வந்தது, அழுதாள். அண்ணனும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இனி யார் கேட்டாலும் தங்கச்சி எடுத்தது என்றே சொல்கிறேன் என்றான். வேண்டாம் அண்ணா, பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லு என்றாள்.

பிறகு பையிலிருந்து கேமராவையும் பெட்டியையும் எடுத்தாள். பெட்டிமேல் இருந்த பெயரைப் பார்த்து அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் அவள் கேமராவைக் குப்புறப் பிடித்ததும், தூசி விழுமே என்று அவன் கை தானாகப் போய் மின்விசிறியை நிறுத்தியது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நிற்கச் சொன்னாள். ஊரையே நிற்கவைத்துத் தலையைச் சாய், தோளை இறக்கு என்று அதட்டுகிறவனுக்குத் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் இரண்டு சொடுக்கு மூடினாள். மூச்சைப் பிடித்தாள். நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வந்துவிட்டது தெரிந்தது, உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. அழுத்தினாள். ஒரு கணம் இருட்டு.

திரையில் அண்ணன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் கதவுக்கு அப்பால் தெரு விளக்குகள் மூலை வைத்துக்கொண்டு நின்றன. அவன் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கினான்.

"நல்லாத்தான் வந்திருக்கு. யாராவது கேட்டா, இதை நான்தான் எடுத்தேன்னு சொல்லப்போறேன்."

"அப்படியா" என்றாள் அவள்.