விசிறிக்காரரின் இன்னொரு கால்

ஐந்து மணிக்குக் கண்காட்சி திறப்பு. நான்கு மணி ஆகியும் அந்த ஒரு படத்துக்குக் கீழே ஒட்ட வேண்டிய குறிப்பு மட்டும் பிறக்கவில்லை.

படம் என்னவோ சின்னதுதான். கறுப்பு மையில் பன்னிரண்டு கோடுகள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் சுவரோரம் ஒருவர் விசிறியோடு நிற்கிறார். அவருக்கு ஒரே ஒரு கால்.

குறிப்பெழுதும் பெண்ணின் வேலையும் அந்தக் காலில்தான் நின்றது. சேர்ந்து ஐந்து மாதம். நிரந்தரமா, வீடா என்பதை இந்தக் குறிப்பைப் பார்த்துச் சொல்வதாக அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியர் அறிவித்திருந்தார். 'அடிமைப்பட்ட தேசம் இழந்த கால்' என்று முதலில் எழுதினாள். திரும்பி வந்தது. 'நவீன ஓவியரின் கோட்டுச் சிக்கனம்' என்று எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது.

"முதல்ல எழுதினது மேடைப் பேச்சும்மா" என்றார் காப்பாட்சியர். " ரெண்டாவது, மைக் கெட்டுப்போன மேடைப் பேச்சு. வர்றவங்களுக்குப் படத்தைக் காட்டும்மா."

அவள் படத்தருகே போய்க் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னம்மா, உள்ளேயே விழுந்துடுவே போலிருக்கே?" சுவரோரம் நின்றிருந்த கூடத்துக் காவலர் கேட்டார். ஐம்பது வயதுப் பெண்மணி.

"இவரு காலைக் காணோம் அக்கா. கிடைச்சாதான் எனக்கு வேலை."

"காணாம எங்க போகும்? முட்டியை மடக்கிப் பின்சுவத்துல ஊணியிருக்காரு. இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கு பாரு. பாவம், ஒத்தைக் காலுக்குக் கொஞ்சம் லீவு விட்டிருக்காரு."

"அதெப்படி உங்களுக்கு..." என்று திரும்பியவள் நிறுத்திக்கொண்டாள். காவலருக்கும் ஒரு கால்தான் தெரிந்தது.

ஆண்டவன் எல்லோருக்கும் கண்ணை முகத்தில்தான் வைத்தான். பார்வையைச் சிலருக்குக் காலில் வைத்துவிட்டான்.

அவள் நின்றபடியே எழுதினாள். காப்பாட்சியர் வந்து உரக்கப் படித்தார்: "அந்நிய ஆட்சிக்கால அலுவலக அறை. அமர்ந்திருப்பவர் அதிகாரி. நிற்பவர் நெடுநேரமாக நிற்கிறார். ஒரு காலைச் சுவரில் ஊன்றி ஓய்வு கொடுக்கிறார். அதிகாரி திரும்பிப் பார்க்கவில்லை. ஓவியர் பார்த்தார்."

"ஆதிக்கம், அடக்குமுறை, ஒண்ணையும் காணோமே?"

"நாற்காலியில உட்கார்ந்திருக்கு சார்."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் விஷயம் நீயா கண்டுபிடிச்சே?"

ஆமாம் என்றால் வேலை நிச்சயம். "இல்ல சார். அக்கா சொன்னாங்க. நான் எழுதினதோட சரி."

காப்பாட்சியர் திரும்பினார். காவலர் அவசரமாகக் காலை இறக்கினார்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"பதினொண்ணு சார்."

"பதினொரு வருஷமா நின்னுக்கிட்டேவா?"

"சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவேன் சார்."

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். தம் அறையிலிருந்த, சக்கரம் வைத்த சுழல் நாற்காலியைக் கிறீச் கிறீச்சென்று தாமே உருட்டிக்கொண்டு வந்தார். "உட்காருங்க."

"நீங்க நிக்கறப்ப நான் எப்படி சார் உட்கார்றது?"

பார்த்தார். படங்கள் வந்திறங்கிய காலி மரப்பெட்டி ஒன்று வாயைத் திறந்தபடி கிடந்தது. காப்பாட்சியர் அதன் விளிம்பில் அமர்ந்தார். பெட்டி அவரைப் பாதி விழுங்கியது. அதற்குப் பிறகுதான் காவலர், நாற்காலி கடித்துவிடுமோ என்பதுபோல் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், என் வேலை?"

"சொன்னவங்க பேரை மறைக்காத ஆளை நான் எங்கம்மா போய்த் தேடுவேன்? குறிப்பை ஒட்டு. ஒட்டிட்டு ரெண்டு பேருமா வந்து என்னைத் தூக்குங்க. பெட்டி விடமாட்டேங்குது."