அம்பு குத்திய பிளக்

ஸ்பார்க் பிளக்கின் இடுப்பில் சின்னதாக ஓர் அம்பு குத்தியிருந்தது. அது ராணுவச் சாமானுக்குச் சர்க்கார் போடும் அடையாளம். அம்பு போட்ட ஓர் ஆணி வீட்டில் அகப்பட்டாலும் ஜெயில்தான் என்பது பூவிருந்தவல்லியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். டாக்சி ஓட்டும் மஸ்தானுக்குத் தெரியாதா? தெரிந்துதான் நாலு பிளக்கையும் மடியில் வைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்டினான்.

வேறு வழி இருந்தால் வாங்கியிருப்பானா? ஜப்பான்காரன் கப்பல் வந்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ குண்டு விழும் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே ஓடியது. மோட்டார் சாமான் கடைகளில் பூட்டு தொங்கியது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலைக் குடித்துக் குடித்து அவனுடைய பழைய பிளக்குகள் கரி பிடித்து அடைந்துபோயிருந்தன. தேய்த்துப் போட்டால் நாலு மைல் ஓடும், மறுபடி படுத்துவிடும். மனைவி நஜ்மாவையும் கைக்குழந்தையையும் காஞ்சிபுரத்தில் அவள் தாய் வீட்டில் சேர்த்தாக வேண்டும்.

பழைய இரும்புக் கடை எத்திராஜ்தான் சாக்கைப் பிரித்து இவற்றை நீட்டினான். திருகு மரை பொருந்துகிறதா என்று மட்டும் மஸ்தான் பார்த்தான். பொருந்தியது. உள்ளே இருந்த பீங்கான் மூக்கு தன் பிளக்கில் இருப்பதைவிட நீளம் என்பதைக் கண் பார்த்தது, பயம் பிடித்த மனசு பார்க்கவில்லை. மிலிட்டரிக்காரன் சாமான் கெட்டியாகத்தான் இருக்கும், ஆபத்துக்குப் பாவமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஒரு பிளக்கில் அம்பை அரத்தால் ராவிப் பார்த்தான். ராவிய இடம் புதுக் காசாக மின்னி, அம்பைவிட மோசமாகக் காட்டிக்கொடுத்தது. அரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிரீஸையும் கரியையும் குழைத்து நாலின் மேலும் அப்பினான்.

வண்டி கைப்பிடியின் ஒரே சுற்றில் கிளம்பியது. பின் சீட்டில் நஜ்மா துப்பட்டிக்குள் குழந்தையை அணைத்துக்கொண்டு, "அல்லா காப்பாத்துனான்" என்றாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். மஸ்தானுக்கோ பானெட்டுக்குள் கனம். எதிரே சைக்கிள் வந்தால்கூட போலீஸாகத் தெரிந்தது.

திருமழிசையை நெருங்கும்போது இன்ஜின் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கொடுத்தது. தீய்ந்த கிரீஸ் நாற்றம் வந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த நீள மூக்குப் பீங்கான் சூடு ஆறாமல் கனன்று, பொறி விழுமுன்பே தானாகப் பெட்ரோலைக் கொளுத்துகிறது. இப்படியே போனால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். நிறுத்தி ஆறவிடலாமென்றால், சாலைக்குக் குறுக்கே மூங்கில் கட்டி, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் கை காட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துப் புளியமரத்தடியில் ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்ஜின ஆப் பண்ணு" என்றான் சிப்பாய். தமிழ் ஆள்தான்.

மஸ்தான் சுவிட்சைத் திருப்பினான். இன்ஜின் நிற்கவில்லை. சாவி கையில் இருக்க, அது தன்பாட்டுக்கு இருமி இருமி ஓடியது.

"உன்னத்தான்! காது கேக்கல?"

"ஆப் பண்ட்டேன் சார்."

"அப்பறம் இன்னாத்துக்கு ஓடுது?"

கியரில் போட்டு நிறுத்தலாம் என்பதுகூட அவனுக்கு மறந்துவிட்டது. சாவியை மறுபடி செருகித் திருகித் திருகிப் பார்த்தான். ஒருவழியாக வண்டி குலுங்கி அடங்கியது. புளியமரத்தடியில் சார்ஜன்ட் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

சிப்பாய் பானெட்டைத் தூக்கினான். மஸ்தானும் இறங்கிப் போய் நின்றான். அப்பிய கிரீஸெல்லாம் உருகி வழிந்துவிட்டது. மூன்று அம்புகளும், ராவிய இடமும் பளிச்சென்று தெரிந்தன. தன்னைக் கட்டி இழுத்துப்போவதும், பச்சைக் குழந்தையோடு நஜ்மா நடுரோட்டில் நிற்பதும் அவன் கண்ணுக்குள் ஓடின.

சிப்பாய் வெகுநேரம் குனிந்தே இருந்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்திலும் வியர்வை. புளியமரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உதடு அசையாமல் பேசினான்.

"இது லைட்டு எரியவெக்கிற இன்ஜின் பிளக்கு பாய். நின்ன எடத்துல ஓடற மோட்டாருக்குப் போடறது. லாரி பிளக்கும் ஒரு பெட்டி குடுத்தேனே, எத்திராஜ் அத்த உனுக்குத் தரல?"

மஸ்தான் அதுவரை எத்திராஜின் பேரையே எடுத்திருக்கவில்லை. ஒரு கணம் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த கணமே அது வந்த வழியே போய்விட்டது.

"உன் பேரு இன்னா? ஊடு எங்க?"

சொன்னான். பொய் சொல்லக்கூட நாக்கு எழவில்லை.

"இனிமே எத்திராஜ் வாணாம். நாஞ் சொல்றப்ப வந்து நீயே சரக்க ஏத்திக்கினு போ."

"என்னால ஆவாது சார். புள்ளகுட்டிக்காரன்."

"அம்பு என் சட்டப்பையிலயா கீது? உன் வண்டியிலதான கீது" என்றான் சிப்பாய். அதட்டல் இல்லை, நயமாகத்தான் சொன்னான். பானெட்டை மூடி, சார்ஜன்ட்டுக்குக் கேட்கும்படி உரக்க, "சரி, போ, போ!" என்று கத்தி மூங்கிலைத் தூக்கினான்.

அந்தச் சூட்டிலும் வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. நிறுத்தியும் அடங்காமல் பானெட்டைத் திறக்க வைத்த அந்த இன்ஜினை முதல்முறையாக மஸ்தான் சபித்தான். கொஞ்ச தூரம் போனதும் நஜ்மா முக்காட்டை விலக்கிக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"நல்ல மனுசன். கொயந்தயப் பாத்து உட்டுட்டான். பேரு கேட்டீங்களா?"

மஸ்தான் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல. அவன்தான் நம்ம பேரக் கேட்டுக்கினான்."