லேஸ் இல்லாத ஷூ

...இன்னும் துப்பாக்கியே வெடிக்கவில்லை, அதற்குள் இந்த நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது, ஓடப்போவது அவளா என்ன, அந்த நாலு வாண்டுகள்தானே, அப்பாவின் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நிற்பது மட்டும்தான் அவள் வேலை, கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளவெடுக்கிறவளுக்கு இது தேவையா, ஆனால் அப்பா கண்ணை மூடிய மூன்றாம் வாரமே தொடர் ஓட்ட இறுதிப்போட்டி வந்து தொலைத்தால் என்ன செய்வது, "கோச் நின்ன இடத்துல வேற யாரும் நிக்கக்கூடாது ஆன்ட்டி, நீங்கதான் வரணும்" என்று நாலும் ஒற்றைக்காலில் நின்றால்... அதில் ஒன்று அவள் பெற்றது, கடைசியாக ஓடப்போவது அதுதான், தாத்தா வைத்த பட்டப்பெயர் பட்டாசு, நாலுக்கும் ஒவ்வொன்று வைத்திருந்தார். என்ன மனுஷர் அவர், சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவைக்கூடப் பேத்தி முதுகுக்குப் பின்னால் கையை நீட்டித்தான் வாங்கவேண்டும், திரும்பிப் பார்த்தால் உப்பு கிடையாது, தொடர் ஓட்டக் கோலைக் கைமாற்றப் பழகுகிறார்களாம், அந்த வீட்டில் எத்தனை நாள் உப்பில்லாமல் சாப்பாடு... சிரிப்பு வருகிறதே, இப்போதா சிரிப்பது, ஐயோ, வெடித்துவிட்டது!

முதலில் குண்டூசி, பறக்கிறாள், இந்த ஒல்லிக் காலுக்குள் இவ்வளவு வேகத்தை அப்பா எங்கே ஒளித்துவைத்தார், கொடுடி, கொடு, ஆ... வாயாடி வாங்கிவிட்டாள், இன்று பார்த்து வாயே திறக்கவில்லை, ஓடு, அந்த வளைவில்தான், அதே வளைவில்தான் பன்னிரண்டு வயதில் அவளும் ஓடினாள், எல்லோருக்கும் முன்னால், ஒரே ஒரு நொடி, அப்பா பார்க்கிறாரா என்று வேலிப்பக்கம் திரும்பினாள், அவர் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். லேஸ்! அந்த ஒரு நொடியில் இரண்டு பேர் தாண்டிப் போய்விட்டார்கள். பிறகு வந்து, "நல்லா ஓடினியா?" என்று வேறு கேட்டார், ஊரான் பிள்ளைகளை எல்லாம் கண்கொட்டாமல் பார்க்கத் தெரிந்தவருக்குச் சொந்தப் பெண் ஓடும்போது லேஸ்தான் முக்கியமா, அன்று ஓட்டத்துக்கு முழுக்குப் போட்டவள்தான், முப்பது வருஷமாக அந்த வலி அப்படியே இருக்கிறது, ஒரு நாளாவது கேட்டிருக்கலாம், இனி யாரிடம் கேட்பது... மூன்றாவதும் வாங்கியாயிற்று! இதோ பட்டாசு கையைப் பின்னால் நீட்டிவிட்டது, திரும்பாதே, திரும்பினால் உப்பு கிடையாது, நழுவிடுமோ, கடவுளே, நழுவிடுமோ...

செருப்பின் வார் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதோ? குனிந்துவிட்டாள். வார் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் விரல் அதையே நோண்டுகிறது, தலைக்கு மேல் கூட்டம் கத்துகிறது, யாரைப் பார்த்துக் கத்துகிறார்கள், தலை நிமிரமாட்டேன் என்கிறதே, காலையில் தலை வாரும்போது குட்டி என்னவோ சொன்னாளே, "நான் ஓடும்போது மட்டும் தாத்தா குனிஞ்சு லேஸ் கட்டுவாரும்மா, நீயாவது பாரு", அவளும் எங்கோ நினைப்பில் ம் கொட்டிவைத்தாள்... எந்த லேஸ்? அப்பாவுக்கு முட்டி மடங்கவில்லை என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளே வாங்கிக்கொடுத்த ஷூ அது, பட்டையை அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற ஷூ, அதில் ஏது லேஸ், முட்டி மடங்காத மனுஷர் இல்லாத லேஸைக் கட்டவா அத்தனை சிரமப்பட்டுக் குனிந்தார், அப்பா, அப்பா, பயமாப்பா உனக்கு, என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா...

எதிரில் மண் ஒட்டிய இரண்டு கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்தாள். மூச்சு வாங்க, கையில் கோலோடு பட்டாசு, முகமெல்லாம் வியர்வை, ஜெயித்த முகமா தோற்ற முகமா தெரியவில்லை, ஏதாவது கேட்கவேண்டுமே, வாயைத் திறந்தாள், "நல்லா ஓடினியா?" என்றுதான் வந்தது. குட்டி அவள் செருப்பைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நீயுமாம்மா?"

அப்படியானால் பத்து வயதிலேயே இவளுக்குத் தாத்தாவின் பயம் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் ஏன்... கையில் ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மறந்துபோயிருந்தாள்.